சூஷிமா: ஒரு கப்பற்படையின் கடைசிப் பயணமும் தீராத கணக்குகளும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையின் தலைமைக் கப்பலான 'மொஸ்க்வா' மூழ்கியது. தமது ஏவுகணைகளே அதனைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. கப்பலில் தீப்பற்றி வெடிபொருட்கள் வெடித்ததாகவும், கரைக்கு இழுத்துவரும் வழியில் கொந்தளிப்பான கடலில் அது மூழ்கியதாகவும் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு கூறியது. மாலுமிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்பதே அமைச்சின் முதல் அறிவிப்பு. ஒரு வாரம் கழித்தே ஒருவர் இறந்தார், 27 பேரைக் காணவில்லை என்று அது ஒப்புக்கொண்டது.

இடைப்பட்ட அந்த நாட்களில் ஒரு தந்தை சமூக வலைத்தளத்தில் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட தன் மகன் அந்தக் கப்பலில் சமையல் வேலையில் இருந்தான், அவன் எங்கே என்று கேட்டார். மகன் காணாமல் போனோர் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. நடுக்கடலில் மூழ்கிய கப்பலில் காணாமல் போவது என்றால் என்ன அர்த்தம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

எங்கள் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. ஆனால் ரஷ்யக் கடற்படையின் வரலாற்றிலும் இது புதிய கேள்வி அல்ல. 118 வருடங்களுக்கு முன்னர், 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, அதே நாட்டின் இன்னொரு தலைமைக் கப்பலான 'பெத்ரோபாவ்லொவ்ஸ்க்' ஜப்பானியக் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்து தொடங்கிய சம்பவங்கள்தான் நவீன யுத்த வரலாற்றின் மிகத் துயரமான கடற்பயணங்களில் ஒன்றுக்கு வழிவகுத்தன. அந்தப் பயணத்தை ஒரு இராணுவத் தோல்வியாக மட்டும் பலர் எழுதியிருக்கிறார்கள். அரசுகள் யாருடைய உயிருக்குக் கணக்குச் சொல்கின்றன, யாருடைய உயிருக்குச் சொல்வதில்லை என்ற கேள்வியோடு அதைத் திரும்பப் பார்க்கலாம்.

ஏன் அனுப்பினார்கள்?

1904ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே யுத்தம் மூண்டது. மஞ்சூரியாவும் கொரியாவும் யாருடைய பிடியில் இருப்பது என்பதே போட்டி. அந்த மண்ணில் வாழ்ந்த சீனர்களிடமோ கொரியர்களிடமோ யாரும் கேட்கவில்லை. சீனக் கரையில் ரஷ்யாவின் கையில் இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியர் முற்றுகையிட்டனர். அங்கிருந்த ரஷ்யாவின் பசுபிக் கடற்படை வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டது. 'பெத்ரோபாவ்லொவ்ஸ்க்' மூழ்கியபோது அந்தப் படையின் திறமையான தளபதி அட்மிரல் மக்காரொவும் அதனோடு மாண்டார்.

முற்றுகையை உடைக்க ஐரோப்பாவிலிருந்து இன்னொரு கப்பற்படையை அனுப்புவதென்று சார் மன்னர் இரண்டாம் நிக்கொலஸின் அரசு முடிவெடுத்தது. 1904 ஒக்டோபர் 15ஆம் திகதி பால்டிக் கடலின் லிபாவ் துறைமுகத்திலிருந்து 40இற்கும் மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. தளபதி அட்மிரல் றொஷெஸ்ட்வென்ஸ்கி. போகவேண்டிய தூரம் ஏறத்தாழ 33,000 கிலோமீற்றர். கப்பல்களில் சில அப்போதுதான் கட்டிமுடிக்கப்பட்டவை. சரியாகச் சோதித்துப் பார்க்கப்படாதவை. வேறு சில, காலம் கடந்தவை. மாலுமிகளில் பலர் கிராமங்களிலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட விவசாயிகளின் பிள்ளைகள். பீரங்கிப் பயிற்சி போதாது என்பது தளபதிக்கே தெரிந்திருந்தது.

அந்தக் கடற்படைக்கு அப்போது தலைமை வகித்தவர் மன்னரின் சிற்றப்பனான கோமகன் அலெக்ஸி. தலைநகரில் இருந்துகொண்டு முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தக் கப்பல்களில் ஏறவில்லை.

மீனவர்கள் மீது விழுந்த குண்டுகள்

புறப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வட கடலில் ஜப்பானிய டோர்பிடோ படகுகள் ஒளிந்திருக்கின்றன என்ற வதந்தி கப்பற்படையைப் பிடித்து ஆட்டியது. ஜப்பான் உலகின் மறுகோடியில் இருக்கிறது. அவ்வளவு சிறிய படகுகள் எந்தத் தளமும் இல்லாமல் ஐரோப்பாவின் வடகடலுக்கு எப்படி வரும் என்று யாரும் நிதானமாகக் கேட்கவில்லை. டென்மார்க்கில் இயங்கிய ரஷ்ய உளவு வலையமைப்பு எச்சரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. எதிரியைத் தேடக் காசு கொடுத்தால் எதிரி கிடைத்துக்கொண்டுதான் இருப்பான்.

ஒக்டோபர் 21ஆம் திகதி இரவு, டொகர் பாங்க் எனப்படும் ஆழம் குறைந்த மீன்பிடித் திட்டில், இங்கிலாந்தின் ஹல் நகரத்து இழுவைப் படகுகள் வழமைபோல மீன்பிடித்துக்கொண்டிருந்தன. அதற்குச் சற்று முன்னர், பின்தங்கி வந்த 'கம்சட்கா' என்ற திருத்தவேலைக் கப்பல், தன்னை டோர்பிடோ படகுகள் துரத்துவதாகச் செய்தி அனுப்பியிருந்தது. நள்ளிரவு கடந்ததும் போர்க்கப்பல்களின் தேடுவிளக்குகள் மீனவர்கள் மீது திரும்பின. ஏதோ கடற்படை ஒத்திகை என்று முதலில் சிலர் வேடிக்கை பார்த்தனர். பின்னர் குண்டுகள் விழத் தொடங்கின. தாங்கள் மீனவர்கள் என்று காட்ட, பிடித்த மீன்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியவர்களும் இருந்தனர்.

'கிரேன்' என்ற படகு மூழ்கியது. இரண்டு மீனவர்கள் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டனர். காயப்பட்டவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார். பீதியில் ரஷ்யக் கப்பல்கள் தம்முடைய கப்பல்களையே சுட்டன. 'அவ்ரோரா' என்ற கப்பலில் இருந்த மதகுரு அதில் காயப்பட்டு உயிரிழந்தார். சுடுவதை நிறுத்திய பின்னர் கப்பற்படை திரும்பிப் பார்க்கவில்லை. மூழ்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உதவ ஒரு படகைக்கூட இறக்கவில்லை. அது தன் வழியே போய்விட்டது.

கடலில் வலை வீசியவனை எதிரியாகக் கண்ட துப்பாக்கிகளை எமது கரையோர மக்களும் அறிவார்கள். ஆனால் ஹல் நகரத்தில் அடுத்து நடந்தது எமது மக்கள் அறியாதது.

ஒரு சர்வதேச விசாரணை

சேதமடைந்த படகுகள் ஹல் துறைமுகத்தை அடைந்ததும் பிரித்தானியா கொதித்தெழுந்தது. அதன் கடற்படை ஆயத்த நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. ஸ்பெயின் கரைவரை பிரித்தானியக் கப்பல்கள் ரஷ்யக் கப்பற்படையைப் பின்தொடர்ந்தன. இரண்டு வல்லரசுகளும் யுத்தத்தின் விளிம்பில் நின்றன.

பிரான்ஸ் இடையில் புகுந்தது. 1899ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில், நாடுகளுக்கிடையே உண்மை நிலை பற்றிப் பிணக்கு வந்தால் சர்வதேச விசாரணைக் குழு அமைக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. பிரித்தானியா, ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், ஒஸ்திரியா-ஹங்கேரி ஆகிய ஐந்து நாடுகளின் அட்மிரல்கள் பாரிஸில் கூடினர். மீனவர்கள் சாட்சியம் அளித்தனர். ரஷ்ய அதிகாரிகளும் சாட்சியம் அளித்தனர். 1905 பெப்ரவரி 26ஆம் திகதி அறிக்கை வெளியானது.

சம்பவம் நடந்து நான்கு மாதங்கள். இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடலில் டோர்பிடோ படகு எதுவும் இருக்கவில்லை, எனவே சுட்டதை நியாயப்படுத்த முடியாது, பொறுப்பு தளபதியுடையது என்று குழுவின் பெரும்பான்மை கூறியது. ஆனால் இந்த முடிவு தளபதியின் இராணுவத் தகைமையையோ மனிதாபிமானத்தையோ குறைத்துக்காட்டுவதற்கானது அல்ல என்றும் சேர்த்து எழுதினார்கள். ரஷ்யா ஏறத்தாழ 66,000 பவுண் நட்டஈடு செலுத்தியது. யாரும் தண்டிக்கப்படவில்லை. ஹல் மக்கள் தமது மீனவர்களுக்கு ஒரு நினைவுச் சிலையை நிறுவினர். அது இன்றும் அந்த நகரத்தில் நிற்கிறது.

உண்மை வெளிவந்தது, நட்டஈடு கிடைத்தது, தண்டனை இல்லை. முழுமையான நீதி இல்லைதான். ஆனாலும் மூன்று மீனவர்களின் சாவுக்காக ஐந்து நாடுகளின் அட்மிரல்கள் ஒரு மேசையில் அமர்ந்தார்கள். ஹேக் உடன்படிக்கை இருந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. அந்த மீனவர்களுக்குப் பின்னால் உலகின் மிகப் பெரிய கடற்படை நின்றது. ஒரு வல்லரசு யுத்தத்துக்குத் தயாரானதால் இன்னொரு வல்லரசு விசாரணைக்கு இணங்கியது. அதே காலத்தில் மஞ்சூரியாவின் வயல்களில் இரண்டு படைகளுக்கும் நடுவில் அகப்பட்டுச் செத்த சீன விவசாயிகளுக்காக எந்த ஆணைக்குழுவும் பாரிஸில் கூடவில்லை.

நோக்கம் இறந்த பிறகும் தொடர்ந்த பயணம்

கப்பற்படை இரண்டாகப் பிரிந்தது. சிறிய, பழைய கப்பல்கள் சுயெஸ் கால்வாய் வழியாகச் சென்றன. பெரிய கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றின. ஜப்பானின் நட்பு நாடான பிரித்தானியா, யுத்தத்துக்குப் போகும் இந்தப் படைக்குத் தன் துறைமுகங்களில் நிலக்கரி தர மறுத்தது. வழியெங்கும் இருந்த சிறந்த நிலக்கரித் தரிப்பிடங்கள் பிரித்தானியாவின் கையில்தான் இருந்தன. எனவே ஜேர்மன் கம்பனி ஒன்றின் நிலக்கரிக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி, திறந்த கடலிலும் ஒதுக்குப்புறமான குடாக்களிலும் எரிபொருள் நிரப்பினார்கள். அடுத்த நிலக்கரி எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் மேல்தளம், அறைகள், நடைபாதைகள் எல்லாவற்றிலும் நிலக்கரியைக் குவித்தார்கள். வெப்பவலய வெயிலில் மாலுமிகள் கரித்தூளைச் சுவாசித்துக்கொண்டே வேலை செய்தார்கள், அதற்கு மேலேயே படுத்தார்கள்.

1905 ஜனவரியில் கப்பல்கள் மடகஸ்காரில் நங்கூரமிட்டபோது அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. போர்ட் ஆர்தர் ஜனவரி 2ஆம் திகதி சரணடைந்துவிட்டது. அங்கிருந்த ரஷ்யக் கப்பல்கள் அழிந்துவிட்டன.

யாரை மீட்கப் புறப்பட்டார்களோ அவர்கள் இப்போது இல்லை. எந்தத் துறைமுகத்துக்குப் போகப் புறப்பட்டார்களோ அது இப்போது எதிரியின் கையில். பயணத்தின் நோக்கம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. திரும்புவதுதான் புத்தி.

திரும்பவில்லை. மடகஸ்காரின் நொசி-பே குடாவில் கப்பற்படை இரண்டு மாதங்களுக்கு மேல் காத்துக் கிடந்தது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் பரவின. சாவு வழமையாகியது. கப்பல்களின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைத்தன. இதே நேரத்தில் ஊரில், ஜனவரி 22ஆம் திகதி, மன்னரிடம் மனுக் கொடுக்கச் சென்ற தொழிலாளர்கள் மீது சென் பீற்றர்ஸ்பேர்க்கில் படையினர் சுட்டனர். தம் பெற்றோரையும் உறவினரையும் ஒத்த மக்களைச் சுடுகிற அரசுக்காக உலகின் மறுகோடியில் சாகப் போகிறோம் என்பது மாலுமிகளுக்குப் புரியத் தொடங்கியது. சில கப்பல்களில் கட்டளைக்குப் பணிய மறுத்தார்கள்.

அப்போது ஒரு கடற்படை அதிகாரி பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். பெயர் நிக்கொலாய் கிளாடோ. இரண்டு தரப்புக் கப்பல்களுக்கும் ஒருவகைப் புள்ளி போட்டு, பால்டிக் கடலில் எஞ்சியிருக்கும் பழைய கப்பல்களையும் அனுப்பினால் கணக்குச் சரிவரும் என்று வாதிட்டார். பத்திரிகைகளும் பொதுமக்கள் அபிப்பிராயமும் அவர் பக்கம் சாய்ந்தன. கரையோரக் காவலுக்காகக் கட்டப்பட்ட சிறிய, பழைய கப்பல்கள் அட்மிரல் நெபொகாட்டொவின் தலைமையில் பெப்ரவரியில் அனுப்பப்பட்டன. மாலுமிகள் அவற்றை 'தானே மூழ்கிகள்' என்று கேலி செய்தார்கள். அவை வேண்டாம் என்றுதான் றொஷெஸ்ட்வென்ஸ்கியும் நினைத்தார். ஆனால் வீட்டில் இருந்து கணக்குப் போட்டவர்களுக்கு, எண்ணிக்கை கூடினால் நம்பிக்கையும் கூடியது.

ஒரு யுத்தத்தின் நோக்கம் செத்துப்போன பிறகும் அது ஏன் நடக்கிறது என்பதற்கு நொசி-பே குடாவைவிடச் சிறந்த உதாரணம் குறைவு. போனால் தோல்வி வரலாம். திரும்பினால் இப்போதே அவமானம். வரப்போகும் சாவு மாலுமிகளுடையது. அவமானம் அரசனுடையது. அந்தத் தராசில் எது கனமாக இருந்தது என்பது தெரிந்ததுதான்.

இதை வாசிக்கும்போது எமது சொந்த நினைவுகள் எழுவதைத் தவிர்க்க முடியாது. இந்தக் கேள்வி வென்ற தரப்பிடம் மட்டும் கேட்கப்பட வேண்டியதல்ல. யுத்தத்தில் ஈடுபட்ட எல்லாத் தரப்பிடமும் கேட்கப்பட வேண்டியது. தூரத்தில் பத்திரமாக இருந்துகொண்டு எண்ணிக்கை பார்த்து உற்சாகப்பட்ட எங்கள் எல்லோரிடமும்கூட.

சூஷிமா

மார்ச் 16ஆம் திகதி கப்பற்படை மடகஸ்காரை விட்டுப் புறப்பட்டது. எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், மூன்று வாரங்கள் இந்து சமுத்திரத்தைக் கடந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி சிங்கப்பூர்க் கரையில் கூடிய மக்கள், கரும்புகை கக்கிக்கொண்டு வரிசையாகப் போன கப்பல்களைப் பார்த்தார்கள். மே மாதம் வியட்நாம் கரையோரம் நெபொகாட்டொவின் கப்பல்களும் வந்து சேர்ந்தன. சண்டைக்கு ஓரிரு நாட்கள் முன்னர், இரண்டாவது நிலைத் தளபதியான அட்மிரல் ஃபெல்கெர்சாம் நோயினால் இறந்தார். செய்தி மறைக்கப்பட்டது. இறந்தவரின் கொடி கப்பலில் தொடர்ந்து பறந்தது. மூன்றாவது நிலையில் இருந்த நெபொகாட்டொவுக்கே தெரிவிக்கப்படவில்லை.

விளாடிவொஸ்டொக் துறைமுகத்தை அடைய, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள சூஷிமா நீரிணையை றொஷெஸ்ட்வென்ஸ்கி தெரிவு செய்தார். மே 27 அதிகாலை, மூடுபனியில் விளக்குகளுடன் வந்த மருத்துவக் கப்பலை ஜப்பானியக் காவல் கப்பலொன்று கண்டது. மறைந்து போகும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. அட்மிரல் டோகோவின் படை மாதக்கணக்காகப் பயிற்சி செய்து காத்திருந்தது. பிற்பகலில் சண்டை தொடங்கியது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறந்த அட்மிரலின் கொடி பறந்த 'ஒஸ்லியாப்யா' மூழ்கியது. இருட்டுவதற்குள் தலைமைக் கப்பலான 'சுவோரொவ்' உட்பட மேலும் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் போய்விட்டன. 'மூன்றாம் அலெக்ஸாண்டர்' கப்பலில் இருந்த 800இற்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் இருந்த 'பொரொடினோ'வில் தப்பியவர் ஒரே ஒருவர்.

ரஷ்யத் தரப்பில் இறந்தவர்கள் 4,000இற்கும் 5,000இற்கும் இடையில். ஏறத்தாழ 6,000 பேர் சிறைப்பட்டார்கள். ஜப்பானியர் இழந்தவை மூன்று டோர்பிடோ படகுகளும் 117 உயிர்களும். ஏழு மாதங்களுக்கு மேல் பயணம் செய்த கப்பற்படையில் மூன்றே மூன்று சிறிய கப்பல்கள்தான் விளாடிவொஸ்டொக்கை அடைந்தன.

வழியெல்லாம் தன் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார் பொலிட்டொவ்ஸ்கி என்ற கப்பல் பொறியியலாளர். பழுதான இயந்திரங்களைத் திருத்துவதுதான் அவர் வேலை. 'சுவோரொவ்' கப்பலோடு அவரும் மூழ்கினார். கடிதங்கள் மட்டும் வீடு சேர்ந்தன. அவை நூலாக வந்தன. சார் அரசின் எந்த அறிக்கையையும்விட அந்தப் பயணத்தைப் பற்றிய நம்பகமான சாட்சியம் அதுதான்.

யார் தண்டிக்கப்பட்டார்?

மே 28ஆம் திகதி காலை, எஞ்சியிருந்த கப்பல்களை ஜப்பானியர் சூழ்ந்துகொண்டனர். ரஷ்யப் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில் நின்று அவர்களால் சுட முடிந்தது. நெபொகாட்டொவ் சரணடையும் கொடியை ஏற்றினார். அவரோடு இருந்த ஏறத்தாழ 2,000 பேரின் உயிர் அதனால் தப்பியது.

யுத்தம் முடிந்த பின்னர் வழக்குகள் வந்தன. றொஷெஸ்ட்வென்ஸ்கி முழுப் பொறுப்பையும் தானே ஏற்க முன்வந்தார். ஆனால் அவர் பிடிபட்ட நேரத்தில் படுகாயமுற்றிருந்தார் என்று கூறி விடுவித்தார்கள். நெபொகாட்டொவுக்கோ மரண தண்டனை. பின்னர் அது 10 வருடச் சிறையாகக் குறைக்கப்பட்டது. பயனின்றி 2,000 பேரைச் சாகவிட எனக்கு உரிமை இல்லை என்பதுதான் அவர் தரப்பு நியாயம். மாலுமிகளைச் சாகக் கொடுத்தவர்களுக்கு இல்லாத தண்டனை, அவர்களைக் காப்பாற்றியவருக்குக் கிடைத்தது.

கப்பற்படையை அனுப்பியவர்கள்? கோமகன் அலெக்ஸி பதவி விலகினார். எந்த நீதிமன்றமும் அவரை அழைக்கவில்லை. புள்ளி போட்டுக் கணக்குக் காட்டியவரும், அதைப் பிரசுரித்த பத்திரிகைகளும் பதில் சொல்லவில்லை. மன்னரைக் கேட்க அந்த நாட்டில் சட்டம் இருக்கவில்லை. சட்டம் கேட்காததை மக்கள் கேட்டார்கள். சூஷிமாவுக்கு ஒரு மாதம் கழித்து, கருங்கடலில் 'பொட்டெம்கின்' கப்பலின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 12 வருடங்களில் முடியாட்சியே விழுந்தது. ஆனால் அரசு விழுந்ததால் இறந்தவர்களின் கணக்கு தீர்ந்துவிடவில்லை. அடுத்து வந்த அரசும் தன் பங்குக்கு மனிதர்களைக் காணாமல் ஆக்கியது.

ஒரு பெயர்ப்பட்டியல்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. எமது மக்களுக்கு அதுதான் முக்கியமானது.

யுத்தம் தொடங்கிய உடனேயே, 1904 பெப்ரவரியில், ஜப்பான் போர்க்கைதிகளுக்கான தகவல் பணியகம் ஒன்றை அமைத்தது. கைதிகள் பற்றிய விசாரணைகளுக்குப் பதிலளிக்க ஒவ்வொரு தரப்பும் அப்படியொரு பணியகத்தை வைத்திருக்க வேண்டும் என்பது 1899ஆம் ஆண்டின் ஹேக் விதி. பிடிபட்டவர்களின் பெயர்கள் பதியப்பட்டன. காயப்பட்டவர்கள், இறந்தவர்கள் பற்றிய விபரங்கள் பதியப்பட்டன. அந்த யுத்தத்தில் 70,000இற்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் ஜப்பானில் கைதிகளாக இருந்தார்கள். காயத்தோடு பிடிபட்ட றொஷெஸ்ட்வென்ஸ்கியை மருத்துவமனையில் அவரைத் தோற்கடித்த டோகோவே சென்று பார்த்தார். சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் கைதிகள் ஊர் திரும்பினார்கள். மட்சுயாமா நகரில் இறந்த ரஷ்யக் கைதிகளின் கல்லறைகளை உள்ளூர் மக்கள் இன்றும் பராமரிக்கிறார்கள்.

'ஒரியோல்' போர்க்கப்பலில் இருந்து சிறைப்பட்ட நொவிகொவ்-பிரிபோய் என்ற சாதாரண மாலுமி, கைதிகள் முகாமிலேயே சக மாலுமிகளின் வாக்குமூலங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். பல வருடங்களுக்குப் பிறகு அவை 'சூஷிமா' என்ற நூலாயின. சாட்சி உயிரோடு இருந்ததால் சாட்சியம் இருந்தது.

2009 மே மாதம் வட்டுவாகலிலும் ஓமந்தையிலும் தம் பிள்ளைகளையும் கணவர்களையும் படையினரிடம் கையளித்ததாகக் கூறும் குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தின் அடிப்படைக் கோரிக்கைகளில் ஒன்று, சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடுங்கள் என்பது. பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மார், தந்தைமார் பலர். 120 வருடங்களுக்கு முன்னர், கணனி இல்லாத காலத்தில், வேற்று மொழி பேசும் 70,000இற்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு அரசால் கணக்கு வைத்திருக்க முடிந்தது. ஆகவே பட்டியல் என்பது இயலாத காரியம் என்று எந்த அரசும் சொல்ல முடியாது. துயிலும் இல்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கியவர்களிடம் மட்சுயாமாவின் கல்லறைகளைப் பற்றியும் கேட்கலாம்.

ஆனால் ஜப்பானை இங்கே நல்லவனாகக் காட்டி முடிப்பது பெரும் பிழை. சூஷிமாவின் வெற்றியை ஆசியா கொண்டாடியது. வெள்ளையனை ஆசியன் வென்றான் என்று அடிமைப்பட்ட நாடுகள் மகிழ்ந்தன. அதே வெற்றியின் பலத்தில் ஜப்பான் 1905 நவம்பரில் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடாக்கியது. 1910இல் முழுமையாக விழுங்கியது. 1942இலும் 1943இலும் அதே ஜப்பான் சியாம்-பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனது. அந்தக் காட்டில் காலராவாலும் பசியாலும் பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பெரும்பாலானோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன. தமிழனுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

ஒரே நாடு. 1905இல் பட்டியல் வைத்திருந்தது. 1943இல் மனிதர்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இடையில் என்ன மாறியது? 1905இல் ஜப்பான் மேற்குலகின் அங்கீகாரத்துக்காகக் காத்திருந்தது. நாகரிகமான நாடு என்ற பெயரும் ஐரோப்பியக் கடனும் அதற்குத் தேவைப்பட்டன. உலகம் பார்க்கிறது என்ற எண்ணம் அதனைக் கட்டுப்படுத்தியது. 1943இல் அந்தத் தேவை இல்லை. தோட்டத் தொழிலாளிக்காகக் கேட்க ஒரு அரசும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஹல் மீனவர்களுக்குக் கிடைத்த விசாரணையும், ரஷ்யக் கைதிகளுக்குக் கிடைத்த பட்டியலும் ஒன்றையே சொல்கின்றன. சட்டம் தாளில் இருப்பதால் மட்டும் இயங்குவதில்லை. ஒரு அரசுக்கு உலகத்திடம் ஏதோ ஒன்று தேவைப்படும் நேரத்தில்தான் அது இயங்குகிறது. அந்த நேரத்தில் சாட்சியங்கள் தயாராக இருக்க வேண்டும். மீனவர்கள் பாரிஸ் போனபோது நடந்ததைச் சொல்லத் தெரிந்திருந்தது. சேதமான படகுகள் ஆதாரமாக இருந்தன.

எங்களிடம் கடற்படை இல்லை. எங்களுக்காக யுத்தத்துக்குத் தயாராகும் வல்லரசும் இல்லை. இருப்பது சாட்சியம் மட்டும்தான். ஜெனீவாவில் ஒவ்வொரு வருடமும் தீர்மானங்களின் சொற்கள் மாறலாம். கடனுக்கும், வரிச்சலுகைக்கும், முதலீட்டுக்கும் உலகின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை கொழும்புக்கு இன்றும் இருக்கிறது. 1905இல் டோக்கியோவுக்கு இருந்தது போல. அந்தத் தேவை இருக்கும்வரை கேள்வி கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் கேட்கிற தாய்மாரின் வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர்களுடைய வாக்குமூலங்களை, திகதியோடும் இடத்தோடும், கையளித்தபோது கூட நின்றவர்களின் பெயரோடும் பதிவு செய்து பாதுகாப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது. நொவிகொவ்-பிரிபோய் முகாமிலேயே எழுதத் தொடங்கினார். விடுதலைவரை காத்திருக்கவில்லை.

'மொஸ்க்வா'வில் மகனைத் தேடிய அந்தத் தந்தையின் அரசு இன்று எங்கள் அரசுக்கு நட்பு நாடு. உக்ரைன் யுத்த களத்துக்கு இலங்கையிலிருந்தும் ஆட்கள் கூலிப்படையாகப் போய்ச் செத்திருக்கிறார்கள். அவர்களைத் தேடும் குடும்பங்களும் இப்போது தெற்கில் இருக்கின்றன. பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு அரசிடம் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை அந்தச் சிங்களத் தாய்மாரும் அறியத் தொடங்கியிருக்கிறார்கள். கிளிநொச்சியின் தெருவோரக் கொட்டிலில் இருப்பவர்களின் கேள்வியும் அதுதான்.